எந்தப் பேட்டரிக்கு எந்த விதி?

பேட்டரி பராமரிப்பு பற்றி வீடுகளில் சொல்லப்படும் அறிவுரைகளில் அப்பட்டமான பொய் அதிகம் இல்லை. முழுசாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும். எப்போதும் நிறைந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். புதிதாக வாங்கியதும் எட்டு மணி நேரம் விடாமல் சார்ஜ் போட வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகை பேட்டரிக்கு, ஏதோ ஒரு காலத்தில் சரியாக இருந்தவைதான். ஒரு வகைக்கு உரிய விதியை இன்னொரு வகைக்குப் போடும்போதுதான் கேடு தொடங்குகிறது. நம் வீடுகளில் எத்தனையோ பேட்டரிகள் உபயோகத்தால் சாவதில்லை, அக்கறையோடு செய்த தவறான பராமரிப்பால் சாகின்றன. எந்த விதி எதற்கு உரியது என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

இன்றைய வீடு ஒன்றில் மூன்று வகை ரீசார்ஜபிள் பேட்டரிகள் இருக்கும். மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டரோடு உட்கார்ந்திருப்பது ஈய அமில பேட்டரி. பிரான்ஸின் காஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்டறிந்த அடிப்படையிலேயே அது இன்றும் இயங்குகிறது. பொம்மைக் கார், ரத்த அழுத்தக் கருவி, கேமரா ஃபிளாஷ் ஆகியவற்றில் போடும் ரீசார்ஜபிள் பென்சில் செல் நிக்கல் வகை. ஸ்வீடனின் வால்டமார் யுங்னர் 1899இல் நிக்கல் காட்மியம் செல்லை உருவாக்கினார். காட்மியம் கொடிய நச்சு. 1990ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், வீட்டுப் புழக்கத்தில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது, செல்போனிலும் லேப்டாப்பிலும் பவர் பேங்க்கிலும் இருக்கும் லித்தியம் அயான். இதை 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

லித்தியம் பேட்டரிக்காக 2019இல் ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவரும் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்போது 97 வயதாகியிருந்த குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம். மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்துவிட்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் பேட்டரி ஆய்வில் நீண்ட வரலாறு உண்டு. இந்த அறிவியல் நம் ஊருக்கு எப்போதோ வந்துவிட்டது. வீட்டுப் புழக்கத்துக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

‘தீர்ந்த பிறகே சார்ஜ்’ என்ற விதி நிக்கல் காட்மியம் காலத்தின் மிச்சம். செயற்கைக்கோள்களில் அந்தப் பேட்டரிகள் ஒவ்வொரு சுற்றிலும் பூமியின் நிழலில் ஒரே அளவு செலவாகி, வெயிலுக்கு வந்ததும் அதே அளவு ஏறின. நெடுநாள் இப்படி நடந்தபின், வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டியதும் அவற்றின் வோல்ட் சரியத் தொடங்கியது. இதற்கு ‘நினைவு விளைவு’ என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் யாரும் அத்தனை துல்லியமாக ஒரே அளவு செலவழிப்பதில்லை. அந்தக் காலத்து கார்ட்லெஸ் போனும் ஷேவரும் நாளடைவில் சோர்ந்துபோனதற்கு, நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடந்ததுதான் பெரும்பாலும் காரணம். இன்றைய நிக்கல் செல்லில் இந்த விளைவு சிறிதளவே உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை கருவி நிற்கும்வரை ஓட்டிவிட்டு சார்ஜ் போட்டால் அது தீர்ந்துவிடும். லித்தியத்தில் அது பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. லித்தியத்தையும் ஈயத்தையும் அடியோடு தீர்த்துத் தீர்த்துப் பயன்படுத்துவது அவற்றின் ஆயுளை நேரடியாகக் குறைக்கும். முதல் நாள் எட்டு மணி நேரக் கணக்கும் அதே நிக்கல் காலத்தது. இன்று வாங்கும் போனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பென்சில் செல்லைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அதிகம் சந்தேகிக்கப்படுவது அதுதான். சாதாரண ஆல்கலைன் செல்லின் மேல் 1.5 வோல்ட் என்றும், ரீசார்ஜபிள் செல்லின் மேல் 1.2 வோல்ட் என்றும் போட்டிருக்கும். வலு குறைந்த சரக்கு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஆல்கலைன் செல் 1.5இல் இருப்பது தொடக்கத்தில் மட்டும்தான். ஓட ஓடச் சரிந்துகொண்டே வந்து, ஏறக்குறைய பாதி தீரும்போது 1.2 பக்கம் வந்துவிடும். நிக்கல் செல் பெரும்பகுதி நேரமும் 1.2ஐ ஒட்டியே நின்று, கடைசியில்தான் சட்டென்று விழும். அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளில் அதன் பலம் இன்னும் தெளிவாகத் தெரியும். ரத்த அழுத்தக் கருவி கைப்பட்டையில் காற்று ஏற்றும் அந்தச் சில நொடிகளில், ஆல்கலைன் செல்லின் உள்தடை அதன் வோல்ட்டைக் கீழே இழுக்கும். உள்தடை குறைந்த நிக்கல் செல் அதைத் தாங்கி நிற்கும்.

நல்ல செல்லைக் கொல்வது மட்டமான சார்ஜர். செல்லின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தை, அதாவது 2000 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு 200 மில்லி ஆம்பியரை, 14 முதல் 16 மணி நேரம் கொடுப்பது பழைய முறை. இரவில் செருகி மறுநாள் எடுக்கும் மலிவு சார்ஜர்கள் இந்தக் கணக்கில் செய்யப்பட்டவை. செல் காலியாக வந்ததா, பாதி மிச்சத்தோடு வந்ததா என்பது அவற்றுக்குத் தெரியாது. பெரும்பாலும் இரண்டு செல்களையும் ஒரே ஜோடியாக நடத்தும். செல் நிறைந்த பிறகும் மின்னோட்டம் தொடர்ந்தால் நேர்முனையில் ஆக்சிஜன் உண்டாகி, எதிர்முனையில் போய்ச் சேர்ந்து வினைபுரிந்து மறையும். அந்தக் கட்டத்தில் உள்ளே போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறும். சார்ஜரில் இருக்கும் செல்லைத் தொட்டுப் பார்த்தாலே இது புரியும். வெகுநேரம் குளிர்ந்தே இருந்த செல், நிறையும் தறுவாயில் மளமளவென்று சூடேறும். அதே சமயம் அதன் வோல்ட் உச்சத்தைத் தொட்டுவிட்டு, சில மில்லிவோல்ட் மட்டும் கீழே இறங்கும். நல்ல சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனித்து, அந்தச் சின்ன இறக்கத்தையோ சூட்டையோ கண்டதும் நிறுத்திவிடும். இளஞ்சூட்டோடு வெளியே வரும் செல்லைப் பற்றிக் கவலை வேண்டாம். கையில் வைத்திருக்கவே முடியாத சூடு என்றால் சார்ஜரைத்தான் மாற்ற வேண்டும்.

இப்படித் தானாக நிறுத்தும் ஸ்மார்ட் சார்ஜர் வாங்கியவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். மெதுவாக ஏற்றினால் செல்லுக்கு நல்லது என்று நினைத்து, இருப்பதிலேயே குறைந்த மின்னோட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் அந்த மில்லிவோல்ட் இறக்கம் தெளிவாக வராது. சார்ஜர் அதைக் கவனிக்கத் தவறி, ஏற்றிக்கொண்டே இருக்கும். 2000 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு 1000 மில்லி ஆம்பியர், சின்ன ட்ரிப்பிள் ஏ செல்லுக்கு 400 என்று வைப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. மாதக்கணக்கில் டிராயரில் கிடந்த செல்லைப் போட்டதும் சார்ஜர் பத்து நிமிடத்தில் ‘ஃபுல்’ காட்டினால், உடனே தூக்கி எறிய வேண்டாம். கருவியில் போட்டுத் தீர்த்து, மறுபடி ஏற்றி, இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பல செல்கள் தெளிந்துவிடும்.

செல்களைச் சேர்த்துப் போடும் விதத்தில்தான் மிகப் பெரிய சேதம் நடக்கிறது. மூன்று செல் போடும் டார்ச்சில் இரண்டு புதியது, ஒன்று பழையது என்று வைத்துக்கொள்வோம். பழையது முதலில் காலியாகும். மற்ற இரண்டும் தொடர்ந்து மின்சாரத்தைத் தள்ள, காலியான செல்லின் முனைகள் தலைகீழாகத் திரும்பிவிடும். உள்ளே வாயு உண்டாகி, அந்தச் செல் நிரந்தரமாகக் கெடும். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் அணைத்துவிட வேண்டும் என்பதும் இதனால்தான். ஒரே நாளில் வாங்கிய, ஒரே அளவுள்ள செல்களை ஒரு கூட்டமாக வைத்து, மார்க்கர் பேனாவால் மேலே அ, ஆ என்றோ வாங்கிய வருடத்தையோ எழுதிவிடுங்கள். சேர்ந்தே போடுங்கள், சேர்ந்தே சார்ஜ் செய்யுங்கள். இதைவிட மலிவான பராமரிப்பு கிடையாது.

பழைய நிக்கல் செல்கள் சும்மா கிடந்தாலே முதல் மாதத்தில் 20, 30 சதவீதம் தீர்ந்துவிடும். அவசரத்துக்கு எடுத்தால் காலியாக இருக்கும். அந்தக் கெட்ட பெயரை மாற்றியது 2005இல் ஜப்பானின் சான்யோ கொண்டுவந்த எனலூப். தானாகத் தீர்வது வெகுவாகக் குறைந்த இந்த வகை, ஒரு வருடம் கழித்தும் பெரும்பகுதி சார்ஜைத் தக்கவைத்திருக்கும். இன்று பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. உறையில் ‘ரெடி டு யூஸ்’ என்றோ ‘ப்ரீ சார்ஜ்டு’ என்றோ இருக்கும். கொள்ளளவு எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 2000 போட்ட இந்த வகை, வீட்டுக்கு 2700 போட்ட பழைய வகையைவிட மேல். சுவர்க் கடிகாரத்துக்கு ரீசார்ஜபிள் தேவையில்லை, ஒரு சாதாரண செல்லே மாதக்கணக்கில் ஓடும். ஆனால் ரிமோட்டுக்கு நான் நிக்கலைப் பரிந்துரைப்பேன். சாதாரண செல் உள்ளே கசிந்து ஸ்பிரிங்கை அரிப்பது போல் இது அநேகமாகக் கசிவதில்லை. கரண்ட் செலவைப் பற்றி யோசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: இந்தச் செல் ஒன்றில் அடங்குவது 2.4 வாட் மணி. இழப்பையும் சேர்த்து 5 என்று வைத்தாலும், ஒரு யூனிட்டில் 200 செல்களை நிரப்பலாம்.

லித்தியம் வேறு குணம். அதற்கு மூன்று எதிரிகள்: சூடு, முழுச் சார்ஜில் நெடுநேரம் கிடப்பது, அடியோடு தீர்வது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் லித்தியம் செல் நிறையும்போது 4.2 வோல்ட்டில் இருக்கும். அந்த உயர்ந்த வோல்ட்டில் உள்ளிருக்கும் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டே இருக்கும், சூடு கூடினால் சிதைவும் வேகமெடுக்கும். இரவு முழுக்க சார்ஜ் போட்டால் போன் வெடித்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. நிறைந்ததும் போனே நிறுத்திக்கொள்ளும். ஆனால் தலையணைக்கு அடியில், தடித்த உறைக்குள், 100 சதவீதத்தில், வெப்பம் வெளியேற வழியில்லாமல் விடிய விடியக் கிடப்பது ஆயுளைத் தின்னும். துணிக்கு அடியில் சூடேறுவது தீ விபத்து நோக்கிலும் தவறு. 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. எப்போதும் மேஜையில் செருகியே கிடக்கும் லேப்டாப்பில் இந்த வரம்பை இன்றே போட்டுவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். முழுதாக ஏற்றிய பவர் பேங்க்கை சித்திரை மதியத்தில் அங்கே விட்டுப் போவது, மூன்று எதிரிகளில் இரண்டை ஒன்றாகக் கூட்டி வைப்பது.

பவர் பேங்க் வாங்குபவர்கள் ஏமாந்ததாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்க, 5,000 கொள்ளளவுள்ள போனை இரண்டு முறை நிரப்ப முடிவதில்லை. அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வெளியே வருவது 5 வோல்ட். 37 வாட் மணியை 5ஆல் வகுத்தால் 7,400தான். மாற்றத்தில் ஆகும் இழப்பையும் கழித்தால் 6,000 சொச்சம் மிஞ்சும்.

பேட்டரி உப்பியிருந்தால், அதாவது போனின் பின்மூடி தூக்கினாலோ லேப்டாப்பின் டச்பேட் மேலெழும்பினாலோ, உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள். அழுத்திச் சரிசெய்யவோ ஊசியால் குத்தவோ கூடாது. சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு, எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, பழுதுபார்க்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். இன்னொரு ஆபத்து புதிது. பென்சில் செல்லின் அதே அளவில் இன்று லித்தியம் செல்களும் கிடைக்கின்றன. சிலவற்றில் 1.5 வோல்ட்டாகக் குறைக்கும் சுற்று உள்ளேயே இருக்கிறது. இவற்றை அவற்றின் யூஎஸ்பி துளையிலோ அவற்றுக்கே உரிய சார்ஜரிலோதான் ஏற்ற வேண்டும். 14500 என்று எண்ணிட்ட மற்றவை நேரே 3.7 வோல்ட் தரும், ரிமோட்டில் போட்டால் ரிமோட் போய்விடும். இரண்டையும் நிக்கல் சார்ஜரில் வைக்கக் கூடாது. உருவத்தைப் பார்க்காமல் மேலே எழுதியிருப்பதைப் படித்தே ஆக வேண்டும்.

இன்வெர்ட்டர் பேட்டரியின் விதி லித்தியத்துக்கு நேர் எதிர்: அதை எப்போதும் நிறைந்தே வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008 தொடங்கிச் சில வருடங்கள் நீண்ட மின்வெட்டு, இந்தக் கனமான பெட்டியை நடுத்தரக் குடும்பத்தின் சாமானாக்கியது. ஈய பேட்டரி குறைந்த சார்ஜில் கிடந்தால் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படியும். நாள்பட அது கெட்டிப்பட்டு, திரும்பக் கரையாது. சார்ஜ் நிறையும் கட்டத்தில் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுவதால்தான் மட்டம் இறங்குகிறது. குறைவது தண்ணீர் மட்டும்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. ஆகவே ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். ஆசிட் ஊற்றுவது பெரும் தவறு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிச்சமிருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தமானது என்று பிடித்துவைத்து ஊற்றுபவர்கள் பலர். அது செம்பு, அலுமினியச் சுருள்களின் மேல் ஓடி, தூசியையும் அள்ளிக்கொண்டு வருகிறது. அந்த உலோகத் துகள்கள் பேட்டரியைத் தானாகத் தீரச் செய்யும். ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டருக்குக் கணக்குப் பார்த்து ஆயிரக்கணக்கில் விலையுள்ள பேட்டரியை இழப்பது வீண்.

ஆறு மூடிகளின் மிதவைக் குச்சிகளை மாதம் ஒருமுறை பாருங்கள். பச்சைக் குறிக்குள் இருந்தால் போதும், விளிம்பு வரை ஊற்றினால் சார்ஜின்போது பொங்கி வழியும். ஒரு மூடியில் மட்டும் மட்டம் மற்றவற்றைவிட வேகமாக இறங்குகிறதா என்று கவனிப்பது முக்கியம். அந்த அறையில்தான் கோளாறு முளைக்கிறது. ஹைட்ரோமீட்டர் இருந்தால், முழுச் சார்ஜில் டியூபுலர் பேட்டரியின் அமில அடர்த்தி 1.240 பக்கம் காட்டும். ஆறு அறைகளும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்க வேண்டும். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால், மூடிகளுக்குள் போகாமல் துடைத்து, காய்ந்தபின் வாசலின் தடவலாம். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். காற்றோட்டமில்லாத அலமாரியிலும், பூஜை விளக்குக்கு அருகிலும் இன்வெர்ட்டரை வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வெயில் நேராக விழும் பால்கனியும் வேண்டாம். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு.

எமர்ஜென்சி லைட்டிலும் பல கொசு பேட்டுகளிலும் இருப்பது மூடி முத்திரையிட்ட சின்ன ஈய பேட்டரி. மழைக்காலம் முடிந்ததும் பரணில் போட்டுவிட்டு அடுத்த ஐப்பசியில் எடுத்தால் உயிர் இருக்காது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றிவைக்க வேண்டும். மலிவான பேட்டுகள் நிறைந்ததும் தானாக நிற்பதில்லை. மின்மாற்றியும் இல்லாததால், சுவரில் செருகியிருக்கும்போது உள்ளிருக்கும் பாகங்கள் நேரடி மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கும். சார்ஜில் இருக்கும் பேட்டைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

மூன்று வகைகளின் விதிகளும் ஒரே நாளில் மோதிக்கொள்வது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஆறு மாதம் தங்கப் புறப்படும் பெற்றோரின் வீட்டில். பாதுகாப்புக்காக மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். இன்வெர்ட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், அதன் சொந்தச் செலவே பேட்டரியைச் சில நாட்களில் காலியாக்கும். திரும்பி வரும்போது தகடுகள் சல்பேட்டாகக் கெட்டிப்பட்டிருக்கும். கிளம்பும் முன் தண்ணீர் மட்டம் பார்த்து, முழுதாக ஏற்றி, இன்வெர்ட்டரை அணைத்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரோ உறவினரோ இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து மாட்டி ஏற்றினால் இன்னும் நல்லது. விட்டுச் செல்லும் போனையும் லேப்டாப்பையும் பவர் பேங்க்கையும் பாதி சார்ஜில் அணைத்து, வீட்டிலேயே குளிர்ந்த அறையில் வைக்க வேண்டும். பென்சில் செல்களைக் கருவியிலிருந்து எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடலாம், எந்த நிலையில் இருந்தாலும் பெரிய கேடில்லை. சாதாரண செல்களையும் எடுத்துவிடுங்கள், கசிவது அவைதான்.

இப்போது இன்வெர்ட்டருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் வருகின்றன. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, எடை குறைவு, ஈயத்தைப் போலப் பல மடங்கு தடவை சார்ஜ் தாங்கும், மற்ற லித்தியம் வகைகளைவிடத் தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. விலை கூடுதல். பழைய இன்வெர்ட்டரோடு அப்படியே மாட்டக் கூடாது. ஈயத்துக்காக அமைத்த சார்ஜ் முறை இதற்குப் பொருந்துமா என்று இரண்டையும் செய்த நிறுவனங்களிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

செத்த பேட்டரி எங்கே போகிறது என்பதில் எனக்கு ஆற்றாமை உண்டு. ஈய பேட்டரிக்குப் பழைய விலை கிடைக்கும் என்பதால் அது கடைக்குத் திரும்பிவிடுகிறது. பென்சில் செல்லுக்கும் உப்பிய போன் பேட்டரிக்கும் விலை இல்லை, அவை குப்பை வண்டிக்குப் போகின்றன. 2001ஆம் ஆண்டின் பழைய அரசு விதிகள் ஈய அமில பேட்டரிக்கு மட்டுமானவையாக இருந்தன. 2022 ஆகஸ்ட்டில் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகைகளையும் உள்ளடக்கி, திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்தன. குப்பை லாரியில் நசுங்கும் லித்தியம் செல் தீப்பிடிக்கும், காட்மியம் மண்ணுக்குள் இறங்கும். லித்தியம் செல்லின் முனைகளில் செலோ டேப் ஒட்டி, மற்றவற்றோடு கலக்காமல் தனி டப்பாவில் சேர்த்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுப்பது நம் பங்கு. புது செல் விற்கும் ஒவ்வொரு கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலும் பழைய செல்லைப் போட ஒரு டப்பா இருக்க வேண்டும். விற்பவரிடமும் விற்க அனுப்பும் நிறுவனத்திடமும் அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.